மெல்போர்னில் ஒரு நாள்: கடலோரச் சாலையா, மலை ரயிலா, பென்குயினா?

"அப்பா அம்மா ஊரிலிருந்து வர்றாங்க, மூணு வாரம் இருப்பாங்க, எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" மெல்போர்னில் குடியிருக்கும் நம்மவர்கள் ஒருவரையொருவர் அதிகம் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில் சொல்பவர்கள் பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் 'கிரேட் ஓஷன் ரோடு' என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெற்றோர், மாமனார் மாமியார், கைக்குழந்தையோடு வந்த அக்கா என்று ஒவ்வொருவராகக் கூட்டிப்போன பிறகு அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன்.

நகரத்துக்குள் சுற்றுவதற்கு யாருடைய ஆலோசனையும் தேவையில்லை. மையப் பகுதியில் டிராம் இலவசம். விக்டோரியா மார்க்கெட், யாரா ஆற்றங்கரை, தாவரவியல் பூங்கா, கிரிக்கெட் பிரியர்களுக்கு எம்.சி.ஜி. மைதானம் என்று இரண்டு நாள் தானாக ஓடிவிடும். குழப்பமெல்லாம் ஊருக்கு வெளியே போகும் அந்த ஒரு நாளுக்குத்தான். நான் பார்க்கும் கணக்கு ஒன்றே ஒன்று: காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு, இறங்கிப் பார்க்கும் நேரம் எவ்வளவு? அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

முதலில் கிரேட் ஓஷன் ரோடு. அதன் அழகைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டார்கேயில் தொடங்கி 243 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலை உரசிக்கொண்டே போகும் சாலை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துப் பாறையைக் குடைந்து போட்டது. போரில் இறந்த தங்கள் தோழர்களுக்கு நினைவுச்சின்னமாகவே அதைக் கட்டினார்கள். வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு மர வளைவு வரும். எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். பக்கத்திலேயே அந்த உழைப்பாளிகளின் சிலை இருக்கிறது, அதையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சாலையின் முக்கியக் காட்சி 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்'. கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள். பன்னிரண்டு என்பது பெயரில் மட்டும்தான், எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லை. அதிலும் ஒன்று 2005 ஜூலையில் சரிந்து விழுந்துவிட்டது. அலை அடியை அரிக்க அரிக்க, ஒரு நாள் மேலே உள்ளது தாங்காமல் இறங்கிவிடும். கொஞ்ச தூரத்தில் 'லண்டன் பாலம்' என்று ஒரு இரட்டைப் பாறை வளைவு கரையோடு ஒட்டி நின்றது. 1990 ஜனவரியில் கரைப் பக்கத்து வளைவு இடிந்து விழ, அந்தப் பக்கம் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. நாம் பார்க்கும் இந்தக் கரை நம் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது இதே வடிவில் இருக்காது.

அந்த வட்டாரத்தில் என் மனதைப் பிடித்தது தூண்கள் அல்ல, லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு. 1878 ஜூன் 1 அன்று, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்து மெல்போர்னை நெருங்கிவிட்ட லாக் ஆர்ட் கப்பல் இங்கே பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் 54 பேர். பிழைத்தவர்கள் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இருவர்தான். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே ஒடுங்கிய வாய் வழியாக அலை உள்ளே வந்து சின்ன மணல்கரையில் தணியும். படியிறங்கி அந்த மணலில் நின்று பாறையைப் பார்த்தால், இதை அந்தப் பையன் டாம் எப்படி ஏறிப்போய் ஆள் கூட்டிவந்தான் என்ற திகைப்பு வரும்.

ஆனால் என் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடலோரமாகவே போனால் மெல்போர்னிலிருந்து தூண்கள் வரை ஏறக்குறைய 275 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினாலே நான்கு மணி நேரத்துக்கு மேல். திரும்புவது கோலாக் என்ற ஊர் வழியாக உள்நாட்டுச் சாலையில் என்றாலும் மூன்று மணி நேரம். ஆக ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் காருக்குள். லார்னிலிருந்து அப்பல்லோ பே வரை வளைவுக்கு மேல் வளைவு. என் மாமியார் அந்த ஒன்றேகால் மணி நேரமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்திருந்தார். உலகமே மெச்சும் கடல் அவருக்கு இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு துளியும் பார்க்கவில்லை. தூண்களைச் சேர்ந்தபோது மணி மூன்று. அரை மணி நேரம் நின்றோம், மழை தூறியது, கிளம்பிவிட்டோம். அவரை அப்படி இழுத்துப்போனதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அதனால் என் தீர்ப்பு: கிரேட் ஓஷன் ரோடு ஒரு நாள் பயணம் அல்ல. அப்பல்லோ பேயிலோ போர்ட் கேம்பலிலோ ஒரு இரவு தங்க முடிந்தால் போங்கள், அதைவிடச் சிறந்தது இந்த மாநிலத்தில் இல்லை. தங்க முடியாது, ஆனாலும் தூண்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், காலையில் உள்நாட்டுச் சாலை வழியாக நேராகத் தூண்களுக்குப் போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன் பார்த்து முடித்து, தெம்பு இருந்தால் கடலோரமாகத் திரும்பலாம், இல்லையென்றால் வந்த வழியே வந்துவிடலாம். இதில் ஒரு இழப்பு உண்டு: இங்கேயும் ஊரைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால், மேற்கு நோக்கிப் போகும்போதுதான் நம் வண்டி கடலை ஒட்டிப் போகும், ஓரம்கட்டி நிறுத்தவும் வசதி. திரும்பும்போது எதிர்த் தடத்துக்கு அந்தப் பக்கம்தான் கடல். ஜூன், ஜூலையில் மாலை ஐந்தரை வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் ஒரே நாளில் போய்வரும் யோசனையையே விட்டுவிடலாம்.

அடுத்தது டாண்டினாங் மலை. பெற்றோருக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது இதைத்தான். கார்கூட வேண்டாம். ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் பெல்கிரேவ் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். கடைசி நிறுத்தம் என்பதால் எங்கே இறங்குவது என்ற பதற்றமும் இல்லை. அங்கிருந்து சிறிது நடந்தால் 'பஃபிங் பில்லி' நீராவி ரயிலின் நிலையம்.

1900இல் மலைக்கிராமங்களுக்காகப் போட்ட குறுகிய பாதை இது, இரண்டரை அடி அகலம்தான். 1953இல் மண்சரிவு பாதையை மூட, நஷ்டத்தில் ஓடியதால் அரசு அதோடு கைவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ஆர்வலர்கள்தான். 1962இல் பெல்கிரேவிலிருந்து ஒரு சிறு தூரம் ஓட வைத்தார்கள், பிறகு ஊர் ஊராக நீட்டி, 1998இல் ஜெம்புருக் வரை முழு 24 கிலோமீட்டரையும் மீட்டார்கள். இன்றும் சீட்டு பார்ப்பவர், கொடி அசைப்பவர் என்று பலரும் தன்னார்வத் தொண்டர்கள். சீருடையில் நிற்கும் அந்த வயதானவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், ரயில் கிளம்பும் வரை விடமாட்டார்கள். பெல்கிரேவிலிருந்து சற்று தள்ளி வரும் மரப்பாலத்தில் ரயில் வளையும்போது முன்னால் எஞ்சின் புகைவிடுவது நம் பெட்டியிலிருந்தே தெரியும். எமரால்ட் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினால் போதும், ஜெம்புருக் வரை போவது ரயில் பைத்தியங்களுக்கு. கோடையில் காட்டுத்தீ பயத்தில் முழுத் தீத்தடை அறிவித்த நாட்களில் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின்தான் இழுக்கும், அதை மட்டும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலைவிட எனக்கு ஷெர்புருக் காடு பிடிக்கும். வானத்தை முட்டும் மவுண்டன் ஆஷ் மரங்கள், கீழே ஆள் உயரத்துக்கு மேல் மரப் பெரணிகள். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமாக வளர்பவற்றில் ஒன்று இந்த மரம், யூகலிப்டஸ் குடும்பம். அம்மா அங்கே கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்துவிட்டு, "இது ஊட்டி வாசனையாச்சே" என்றாள். ஊட்டிக்கு அந்த வாசனை போனதே இந்தக் கண்டத்திலிருந்துதான். நீலகிரியில் தைலம் காய்ச்சும் மரத்தை வெள்ளைக்காரர்கள் 1840களில் இங்கிருந்து கொண்டுபோய் நட்டார்கள். அதைச் சொன்னதும் அம்மா அந்த இலையைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். வேறு எந்த இடத்திலும் அவள் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

கார் இருந்தால் இன்னொன்றும் சேரும். மலையடிவாரத்தில் தி பேசின் என்ற ஊரில் வக்ரதுண்ட விநாயகர் கோயில் இருக்கிறது. காலையில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு மலையேறி, சாசஃப்ராஸில் ஸ்கோனும் தேநீரும், மாலையில் 633 மீட்டர் உயர உச்சியிலிருந்து நகரத்தின் விளக்குகள். காரில் உட்காரும் நேரம் போகவர மொத்தமே இரண்டரை மணி நேரம்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் பல்லாரட்டையும் யோசியுங்கள். 1851இல் தங்கம் கிடைத்து உலகமே ஓடிவந்த ஊர். அந்தக் கால வீதியை அப்படியே எழுப்பி வைத்திருக்கிறார்கள், ஓடைத் தண்ணீரில் தட்டை வைத்து மண்ணை அரித்து, கிடைக்கும் தங்கத் துகளைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளலாம். ரயிலிலேயே போகலாம். பெரியவர்கள் மட்டும் என்றால் பாதி நாளுக்கு மேல் தாங்காது.

சரி, பென்குயின். பிலிப் தீவு நகரத்திலிருந்து 140 கிலோமீட்டர், பாலம் வழியாகக் காரிலேயே தீவுக்குள் போய்விடலாம், இரண்டு மணி நேரத்துக்குள். பகலில் கோவாலா விலங்குகளும் நாபீஸ் முனையின் கடற்காற்றும் உண்டு. ஆனால் எல்லோரும் போவது சாயங்காலத்துக்காகத்தான். சுமார் 33 சென்டிமீட்டர் உயரம், ஒரு கிலோ எடைதான், பென்குயின்களிலேயே சின்ன இனம். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டியதும் கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்பும்.

அலை ஒன்று ஒதுங்கும்போது ஈர மணலில் ஏழெட்டு நிழல்கள் நிற்கும். பார்க்கும். ஒன்று இரண்டடி வைக்கும். பின்னால் உள்ளது பயந்தால் மொத்தமும் திரும்பக் கடலுக்குள் ஓடிவிடும். பருந்துக்கும் கழுகுக்கும் பயந்த தயக்கம் அது. அடுத்த அலையில் மறுபடி வரும். மூன்றாவது நான்காவது தடவை தைரியம் வந்து, முன்னால் சாய்ந்துகொண்டு மொத்தமாகக் குடுகுடுவென்று மணலைக் கடந்துவிடும். அங்கே போன் உட்பட எதிலும் படம் எடுக்கக்கூடாது, கண்டிப்பான விதி. நானூறு ஐநூறு பேர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த முனையில் ஒரு காலத்தில் மனை போட்டு வீடு கட்டியிருந்தார்கள். காரும் நாயும் நரியுமாகப் பென்குயின்கள் அழிந்துகொண்டிருந்தன. 1985இல் மாநில அரசு ஒவ்வொரு மனையாகத் திரும்ப வாங்கத் தொடங்கி 2010இல் முடித்து, முழுவதையும் பறவைகளிடமே கொடுத்துவிட்டது.

இங்கே முடிவைச் செய்வது பருவம். டிசம்பரில் பென்குயின் வரவே இரவு ஒன்பதாகும், வீடு திரும்ப நள்ளிரவு. குழந்தைகள் கரையிலேயே தூங்கிவிடுவார்கள். ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் பார்த்துவிட்டு ஒன்பதுக்குள் வீட்டில் சாப்பிடலாம். ஆகவே கோடையில் வருபவர்களுக்கு மலை ரயில், குளிர்காலத்தில் வருபவர்களுக்குப் பென்குயின் என்று நான் பிரித்துக்கொள்வேன். குளிர் மட்டும் எலும்பைத் தொடும். ஸ்வெட்டர், குல்லாய், கம்பளி, ஃபிளாஸ்க்கில் காபி எல்லாம் வேண்டும், கோடையிலும் வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கார் நிறுத்துமிடத்தில் ஒரு பலகை இருக்கும்: வண்டியை எடுக்கும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பார்க்கவும். நான் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். முட்டிவலிக்காரர், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, போன் வெளிச்சத்தில் நான்கு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல, எடு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.