கேழ்வரகு பிஸ்கட்டா, கறி வற்றலா, கடைப் பாக்கெட்டா?

நாய்க்கு நொறுக்குத்தீனி வேண்டுமென்றால் மூன்று வழிகள். மாவு பிசைந்து சுடும் பிஸ்கட், கோழிக்கறியை மெல்லிசாக நறுக்கிக் காயவைக்கும் வற்றல், இரண்டுக்கும் நேரமில்லாதபோது கடைப் பாக்கெட். மூன்றும் எங்கள் வீட்டில் ஓடியிருக்கின்றன. இப்போது நிலைத்திருப்பது ஈரல் சேர்த்த கேழ்வரகு பிஸ்கட். அதனால் நான் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

ருசியில் வற்றலுக்குத்தான் முதலிடம், சந்தேகமே இல்லை. செலவில் பிஸ்கட் மலிவு. கோழிக்கடையில் ஈரல், கறியைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. சௌகரியத்தில் பாக்கெட்டை யாரும் அசைக்க முடியாது. சென்னையில் இவற்றையெல்லாம் பின்னால் தள்ளிவிடும் விஷயம் ஒன்று உண்டு: செய்து வைத்தது நமத்துப் போகாமல், பூசணம் பிடிக்காமல் எவ்வளவு நாள் தாங்கும்?

கடலோர ஊர். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. குளிர்ந்த, வறண்ட ஊர்க்காரர்கள் எழுதிய செய்முறைகள், ஒருமுறை சுட்டு ஆறவைத்து டப்பாவில் போடச் சொல்வதோடு முடிந்துவிடும். இங்கே அப்படிச் செய்தால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. அந்த மெத்துதான் பூசணத்துக்கு விருந்து. சில பூசண நஞ்சுகள் நாயின் ஈரலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் சுரண்டிவிட்டுக் கொடுக்காமல் டப்பாவோடு கொட்டிவிட வேண்டியதுதான்.

பிஸ்கட்டுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது: இரண்டு முறை சுடுவது. ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து மிக்ஸியில் அரைத்து, ஒரு முட்டை சேர்த்து, மூன்று பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு போட்டுப் பிசைகிறேன். கேழ்வரகில் பசைத்தன்மை கிடையாது. தனியாகப் போட்டால் சப்பாத்திப் பலகையிலேயே விண்டு போகும். அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து ரூபாய் நாணய அளவில் வெட்டி, ஓடிஜி எனும் சிறிய மின்சார அடுப்பில் 170 டிகிரியில் சுமார் 25 நிமிடம். அப்புறம் சூட்டை 100க்குக் குறைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவைத்து, இன்னும் ஒரு மணி நேரம் விடுவேன். ஈரம் வெளியேற அந்த இடுக்கு வேண்டும். ஆறியபின் ஒன்றை எடுத்து ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் மறுபடி உள்ளே. ஒரு வாரத்துக்கு வேண்டியது எவர்சில்வர் டப்பாவில், மீதி ஃப்ரீசரில். மழைக்காலத்தில் டப்பா கணக்கே கிடையாது, எல்லாமே ஃப்ரீசர்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஈரல் வேகும் வாடை மாடிப்படி வரை போகும். அசைவம் சாப்பிடாத குடும்பம் எதிர்வீட்டில் இருந்தால் ஞாயிறு காலையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் அதை அள்ளிப் போடவும் கூடாது.

வற்றலுக்கு வருவோம். மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிற மாதிரி கோழிக்கறியைக் காயப்போட முடியாது. காக்கைக்கு முன்னால் கிருமி வந்துவிடும். கறி முதலில் 74 டிகிரி உள்சூட்டை எட்ட வேண்டும், பிறகுதான் 60, 65 டிகிரியில் மணிக்கணக்காகக் காயவைப்பது. பல ஓடிஜிகளில் அவ்வளவு குறைந்த சூடு வைக்கவே வராது, தனிக் கருவி வாங்க வேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபட்டும் கறியைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வற்றல் நல்ல மாற்று. அதை நான் அதிகம் செய்ததில்லை என்பதால் அடித்துப் பேச மாட்டேன்.

பாக்கெட்டை வெளியூர்ப் பயணத்துக்கு இன்னும் வாங்குகிறேன். பிரித்தபின் அதுவும் இந்த ஊரில் நமக்கத்தான் செய்கிறது, கிளிப் போட்டு மூட வேண்டும். கறி வற்றல் பாக்கெட் மட்டும் வாங்குவதில்லை. 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு அந்த வகைத் தீனி தின்ற நாய்களுக்கு வயிற்றுக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. திட்டவட்டமான காரணம் பிடிபடவே இல்லை. நம்மூர்ப் பாக்கெட்டும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை; எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது நல்ல பல்லுள்ள நாட்டு நாய். பல் ஆடும் கிழநாய்க்கு இந்த பிஸ்கட் கல்லு மாதிரி இருக்கக்கூடும். வெறும் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துப் பாருங்கள். எதைச் செய்தாலும் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் பக்கம் போகக்கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் அதில் சைலிட்டால் (நாய்க்கு நஞ்சாகும் ஒரு இனிப்பூட்டி) இல்லையென்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். 15 கிலோ நாய்க்குச் சுமார் 80 கலோரி, அதாவது இந்த நாணய பிஸ்கட்டில் பத்துக்குள். வீட்டில் ஆளாளுக்குப் போடுகிறவர்கள் இருந்தால், காலையிலேயே அன்றைய பங்கை எண்ணித் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.