காற்று ரிட்ராக்ட்: சிலிண்டரைத் திறக்க விடமாட்டார்களாம்

நண்பர் ஒருவர் தன் புது ஸ்பிட்ஃபயர் மாடல் விமானத்துக்குக் காற்று ரிட்ராக்ட் (அழுத்தக் காற்றால் சக்கரத்தை மடக்கும் அமைப்பு) போடலாமா, மோட்டாரால் மடக்கும் எலக்ட்ரிக்கே போதுமா என்று கேட்டார். பல வருடமாகக் காற்றில்தான் சக்கரம் மடக்குகிறேன் என்பதால் அவர் கேட்டது சரியான ஆளிடம்தான். நேரம்தான் சரியில்லை. மேசையில், சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் காற்று சிலிண்டர் ஒன்று செத்துக் கிடந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் கைப்பம்பால் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துவிட்டால் ஒரு பறத்தலுக்குத் தாராளம். காற்றோட்டத்தைக் குறைக்கும் குட்டி வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் சக்கரங்கள் நிதானமாக மடங்கும்; ஒன்று முந்தும், மற்றது பின்னாலேயே போகும். பழைய போர் விமானப் படச்சுருள்களில் பார்ப்பது அப்படியே. மோட்டாரின் 'விர்ர்' கிடையாது.

கசிவுதான் வினை. சோப்புத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். பிஸ்டனின் ராடு (தண்டு) வெளியே வரும் வாயில் குமிழி வந்தால் அங்குள்ள ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போச்சு. ஒரு குழாயில் விட்ட காற்று மறு குழாயில் வந்தால் பிஸ்டன் ஓ-ரிங். பெரும்பாலும் எனக்குப் போவது ராடு வாய்தான். ஏற்கெனவே பலம் குறைந்த பக்கமும் அதுதான். 10 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 6 பார் (சுமார் 87 பிஎஸ்ஐ) அழுத்தக் காற்று தள்ளும்போது சுமார் 47 நியூட்டன் விசை தரும்; 4 மி.மீ. ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் இழுக்கும்போது 40 தான். அதிலும் கசிந்தால் சக்கரம் பாதியில் நிற்கும்.

என் முதல் சிலிண்டர் ஜோடியில் இது பிரச்சினையே இல்லை. பின்மூடியைப் பிடித்திருப்பது ஒரு சர்க்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் உலோக வளையம்). காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, துணியால் மூடிக்கொண்டு (துள்ளினால் கண்ணுக்குத்தான் வரும்) பிளையரால் கழற்றி, ராடைத் தள்ளினால் மூடியும் பிஸ்டனும் வந்துவிடும். பழைய ரிங்கை ஊசியால் நெம்பக் கூடாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங்கும் கசியும். பல்குச்சி போதும். நைட்ரைல் ரிங், சிலிக்கான் கிரீஸ் ஒரு தடவல். திரும்பப் போடும்போது மட்டும் கவனம்: சர்க்கிளிப் பள்ளத்தின் விளிம்பு ரிங்கைச் சீவிவிடும், திருகியபடி மெல்ல நுழைக்க வேண்டும்.

செத்தது அப்புறம் வாங்கிய ஜோடி. இதில் குழாயின் விளிம்பையே மூடிமேல் உருட்டி மடித்துவிட்டார்கள். லேத்தில் மடிப்பைச் சீவித்தான் திறந்தேன். உள்ளே பார்த்தால் வயிறு எரிகிறது. உள்சுவர் பளபளவென்று இருக்கிறது, பிஸ்டன் ரிங்கில் ஒரு குறையும் இல்லை. ராடு வாயில் உள்ள ரிங்கை மட்டும் ஓடுதளத்து மண் அரைத்திருக்கிறது. சில ரூபாய் ரிங்! சீவிய பிறகு மூடியைப் பிடிக்க எதுவும் இல்லாததால் முழு சிலிண்டரும் குப்பை.

மடிப்பதற்கும் நியாயம் உண்டு. எடை குறையும், குழாயை மெலிதாக வைக்கலாம், விலையும் இறங்கும். தொழிற்சாலைகளில் இதே மாதிரி சிலிண்டர்கள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே வடிகட்டிய காற்று. ராடும் புழுதியில் புரள்வதில்லை. புல்தரையில் இறங்கும் சக்கரத்துக்கு அதை வைத்தவர் ஒருநாளாவது மாடல் பறக்கவிட்டிருப்பாரா என்பது என் சந்தேகம்.

நண்பரிடம் எலக்ட்ரிக்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு, சர்க்கிளிப் வைத்த பழைய ஜோடி யாராவது விற்றால் சொல்லுங்கள், கசிந்தாலும் பரவாயில்லை.