வான்கூவர் மழையில் வெட்டவெளியில் ஒரு படகு: தார்ப்பாய், சுருக்குறை, கித்தான்

வான்கூவருக்குக் கிழக்கே, பரார்ட் நுழைகடல் முடியும் இடத்தில் போர்ட் மூடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், செடார் மரங்களை ஒட்டி, 17 அடி ஃபைபர் படகு ஒன்று டிரெய்லர்மீது நிற்கிறது. கோடையில் இந்தியன் ஆர்ம் பக்கம் நண்டுக்கூண்டு போடப் போகும். அக்டோபர் வந்துவிட்டால் ஏப்ரல் வரை அசையாது. கூரையுள்ள கிடங்கில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் இந்த அளவுப் படகுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. எனவே பல ஆண்டுகளாக அது வெட்டவெளியில்தான் மழைக்காலத்தைக் கழிக்கிறது. நீலத் தார்ப்பாய், வெப்பத்தால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் சுருக்குறை, அளவெடுத்துத் தைத்த கித்தான் உறை என மூன்றையும் முழுக் குளிர்காலங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கம் முதன்முதலாகப் படகு வாங்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வான்கூவர் விமான நிலையத்தின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 1,190 மில்லிமீட்டர். சென்னையின் சராசரி 1,400 அளவில் இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பக்கம் விமான நிலையத்தைவிட மழை கூடுதல் என்றாலும், அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் ஊர்க்காரர் யாரும் மிரள மாட்டார். வேறுபாடு மழை விட்ட பிறகு தெரியும். சென்னையில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்தாலும் இரண்டாம் நாள் வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடும். இங்கே ஆண்டு மழையில் 70 சதவீதத்துக்கும் மேல் அக்டோபர் முதல் மார்ச் வரைக்குள் தூறித் தூறியே இறங்குகிறது. டிசம்பரில் பகல்பொழுது 8 மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்தப் பகலிலும் சூரியன் முகம் காட்டுவது அபூர்வம். வெப்பநிலை 4, 5 டிகிரியில் நின்றுவிடுகிறது. நவம்பரில் நனைந்த கயிறு மார்ச்சிலும் நனைந்தே கிடக்கும்.

படகைக் கெடுப்பது இந்தக் காயாமைதான். ஃபைபர் உடல் தண்ணீருக்கென்றே செய்யப்பட்டது, மழை அதை ஒன்றும் செய்யாது. இருக்கைகளின் தையல், தரைத்தட்டுக்கு அடியில் இருக்கும் ஒட்டுப்பலகை, எஞ்சினைத் தாங்கும் பின்சுவருக்குள் இருக்கும் மரம், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால் கெடும். ஒன்டாரியோவிலும் சமவெளி மாகாணங்களிலும் இருப்பவர்கள் தரும் அறிவுரை உறைபனியை மனத்தில் வைத்தது. அங்கே குளிர்காலக் காற்று வறண்டது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது.

நீலத் தார்ப்பாயிலிருந்து தொடங்குகிறேன். மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும். படகின் இரு விளிம்புகளுக்கு இடையே அதை இழுத்துக் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் தொய்ந்து குளம் கட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் நூறு கிலோ. அந்தப் பாரம் கண்ணாடித் தடுப்பின் சட்டத்தையும் கைப்பிடிகளையும் அழுத்தி வளைக்கிறது. பிறகு கிழித்துக்கொண்டு உள்ளே கொட்டுகிறது. அடியில் சட்டம் போட்டுச் சரிவு கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். காற்றில் படபடப்பது மட்டும் தீராது. தார்ப்பாய் உரசும் இடங்களில் ஃபைபர் உடலின் மேற்பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பு போய், மங்கிய கோடுகள் விழுந்தன. ஓரத்துப் பித்தளைக் கண்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்துவரும். பருவம் முடிவதற்குள் பிளாஸ்டிக் இழைகள் உதிரத் தொடங்கி, புல்தரையெங்கும் நீலப் பொடி.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: பக்கங்கள் திறந்திருந்த அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் பூஞ்சணம் குறைவாகவே இருந்தது. அடுத்து வந்த உறையில் கண்டதோடு ஒப்பிட்டபோதுதான் இதன் அருமை தெரிந்தது.

சுருக்குறை என்பது வெள்ளைப் பாலிஎதிலீன் தாளைப் படகுமேல் போர்த்தி, வெப்பக்காற்றைப் பீய்ச்சி, முரசுத்தோல்போல இறுகச் செய்வது. படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து கட்டணம் வாங்குகிறார்கள். நேர்த்தியான வேலை, மழையோ பனியோ மேலே நிற்காமல் வழுக்கி விழுந்துவிடும். பிப்ரவரியில் அதன் ஜிப் கதவைத் திறந்தபோது வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே வந்திருக்கவில்லை. இருந்தும் தாளின் உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது. வரிசை வரிசையாக நீர்த்துளிகள், இருக்கைகளில் கரும்புள்ளிகள், மூக்கைத் துளைக்கும் பூஞ்சண வாடை.

இதில் விந்தை ஒன்றும் இல்லை. தரைத்தட்டுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். பகலில் உள்காற்று லேசாகச் சூடேறி அந்த ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. வானம் தெளிந்த இரவில் தாள் விரைவாகக் குளிர்கிறது. காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் துளியாகப் படிந்து, சொட்டி, மறுபடியும் இருக்கைக்கே வந்து சேர்கிறது. வெளியேற வழி இல்லாததால் அதே தண்ணீர் குளிர்காலம் முழுவதும் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை காற்றுத் துளைகளைப் பல மடங்கு கூட்டச் சொன்னேன், நிலைமை கணிசமாகத் தேறியது. அதனால் இந்த ஊரில் சுருக்குறை போடுகிறவர்கள் துளைகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் பேச வேண்டும். ஓரிரண்டு துளை போதாது. ஒரு பருவம் முடிந்ததும் அத்தனை பெரிய பிளாஸ்டிக் தாளையும் வெட்டி எறிய வேண்டியிருப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இப்போது இருப்பது அக்ரிலிக் கித்தான். சன்பிரெல்லா என்ற பெயரில் அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் நெய்யும் துணியில், படகுக்கு அளவெடுத்துத் தைத்தது. இழை உருவாகும்போதே சாயம் உள்ளே கலக்கப்படுவதால் வெயிலில் எளிதில் வெளிறுவதில்லை. தார்ப்பாயின் விலையைப் பலமுறை கொடுத்தால்தான் இது கிடைக்கும். நெய்த துணி என்பதால் ஆவியை வெளியே விடும், மழைத்துளியைப் பெரும்பாலும் உருட்டித் தள்ளிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்: சட்டம் முட்டும் இடத்திலும் தையல் ஓடும் இடத்திலும் அடைமழையில் கொஞ்சம் கசியும். சில ஆண்டுகளில் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்து துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். அப்போது மென்மையான சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்தி, துணிக்கான நீர்விலக்கித் திரவத்தைத் தெளித்தால் பழையபடி துளி உருளும். கசிவு ஒன்றிரண்டு சொட்டாக இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. காற்று ஓடும் இடத்தில் விழுந்த சொட்டு தானாகக் காய்ந்துவிடுகிறது.

உறையைவிட முக்கியம் அதன் அடியில் இருக்கும் சட்டம் என்பது என் உறுதியான கருத்து. கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுக்குத்தான் செலவிட முடியும் என்றால் சட்டத்துக்குச் செலவிடுங்கள், மேலே தார்ப்பாயே போதும். கூரை வேய்கிற முறைதான் இதற்கும். இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டம் ஒன்றை முகட்டு வளையாக அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, எஞ்சின்வரை நிறுத்தியிருக்கிறேன். கைமரங்களுக்குப் பதிலாக பிவிசி குழாய்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வளைந்து நிற்கின்றன. குழாய்களுக்கு இடையே இடைவெளி அகன்றால் அங்கே துணி தொய்ந்து குட்டை கட்டும். இரண்டடிக்கு ஒன்று இருப்பது நல்லது. மேற்கூரைச் சரிவு 45 டிகிரியை நெருங்கினால் ஈரப்பனி தங்காது. இங்கே விழும் பனி நீர் கோத்த பனி, கனம் அதிகம். கூரான முனைகள் எல்லாவற்றுக்கும் பழைய கம்பளத்துண்டு சுற்றியிருக்கிறேன். உறையின் ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடிக்கொடுத்துத் தளராமல் இழுத்துப் பிடிக்கும். முழுக்க நிரப்பாதீர்கள், உறைந்தால் வெடிக்கும். டிரெய்லர் இல்லாமல் தரையில் தாங்கிகள்மேல் படகை நிறுத்துகிறவர்கள் உறைக்கயிற்றை அந்தத் தாங்கிகளில் கட்டவே கூடாது. புயற்காற்று உறையை இழுக்கும்போது தாங்கியும் நகர்ந்து, படகு சரிந்துவிடும்.

முன்னும் பின்னும் முகட்டுக்குக் கீழே கையகல இடைவெளி விட்டிருக்கிறேன். சாரல் உள்ளே வராதபடி மேலே சிறு முந்தானை தைத்திருக்கிறது. தாழ்ந்த அமரத்து (பின்முனை) பக்கம் காற்று நுழைந்து உயர்ந்த அணியத்து வழியாக வெளியேறும். டிரெய்லரின் முன்கால் உயர்த்தப்பட்டிருப்பதால் எந்தத் தண்ணீரும் பின்சுவர்த் துளைக்கு ஓடிவந்துவிடும். அந்தத் துளையின் அடைப்பானைக் கழற்றி, படகுச் சாவியோடு கோத்து வீட்டுக்குள் மாட்டியிருக்கிறோம். இனி இருக்கும் ஒரே எதிரி செடார். இலையுதிர்காலத்தில் அது பழுப்பேறிய சிறு கிளைகளை உதிர்க்கும். பெரிய மேப்பிள் இலையைவிட இதுதான் துளையை அடைக்கும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைவது என் மகளின் பொறுப்பு. அதை அவள் மறப்பதே இல்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதை 2021-22 குளிர்காலம் காட்டியது. நவம்பர் நடுவில் வளிமண்டல ஆறு என்று இங்கே அழைக்கும் மழைப்பட்டை வந்து அபட்ஸ்ஃபோர்டின் சூமாஸ் சமவெளியை மூழ்கடித்தது, கோக்கிஹாலா நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் வான்கூவரின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிவரை இறங்கியது. மழையில் தேங்கிய தண்ணீர் படகுக்குள் இருந்திருந்தால் சில வாரங்களில் அது பனிக்கட்டியாகியிருக்கும். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடையும். திருகுத் துளைகளுக்குள் புகுந்த ஈரமும் அப்படித்தான் விரிசலை அகலப்படுத்துகிறது. துளை திறந்திருந்தது, சரிவு இருந்தது, அதனால் உள்ளே உறைவதற்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கடுங்குளிரில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்நாட்டிலிருந்து பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலை நோக்கி வீசும் ஆர்க்டிக் காற்று மிக வறண்டது. வெளியே நிற்க முடியாத குளிர்தான், ஆனால் குளிர்காலம் முழுவதிலும் படகு உண்மையிலேயே உலரும் நாட்கள் அவை. அந்த நாட்களில் உறையின் இரு முனைகளையும் விரியத் திறந்துவிடுகிறேன். தரைத்தட்டு மூடிகளும் பெட்டி மூடிகளும் எப்போதுமே திறந்துதான் இருக்கும்.

உறை போடும் நாளும் முக்கியம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுவது எங்கள் வழக்கம். செப்டம்பர் வெயிலில் படகைக் கழுவி, தரைக்கு அடியில் மிச்சமுள்ள நீரை ஈர வேக்யூமால் உறிஞ்சி, எல்லா மூடிகளையும் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும். ஈரப் படகை மூடினால் எந்த உறையும் காப்பாற்றாது. மெத்தைகள், உயிர்காப்பு அங்கிகள், கயிறுகள் அனைத்தும் வீட்டுக்குள் வந்துவிடும்.

ஈரமுறிஞ்சி டப்பாக்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கால்சியம் குளோரைடு உப்பு நிரம்பிய அவை மூடிய அறைக்கு நல்லவை. காற்றோட்டமுள்ள உறைக்கு அடியில் வைத்தால் ஊரின் ஈரத்தையெல்லாம் குடித்து நிரம்பிவிடும். அந்த உப்புநீர் கொட்டினால் அலுமினியத்தை அரிக்கும். வாங்க வேண்டாம். அறையுள்ள பெரிய படகும் மின்இணைப்பும் இருந்தால் ஈரம் நீக்கும் கருவி வைக்கலாம். குளிரில் கம்ப்ரஸர் வகையைவிட உலர்பொருள் சக்கரம் உள்ள வகை நன்றாக வேலை செய்யும்.

எஞ்சின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவுட்போர்டு எஞ்சினை நிமிர்ந்த நிலையில் நிறுத்தினால் உள்நீர் வடிந்துவிடும். கியர் ஆயிலை வசந்தத்தில் அல்ல, இலையுதிர்காலத்திலேயே மாற்றுங்கள். வெளியே வரும் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீர் உறைந்தால் கியர்ப்பெட்டியே பிளந்துவிடும். பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் நிலைநிறுத்தித் திரவம் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும். பேட்டரியை முழுச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். சார்ஜ் இறங்கியது வெளியே கிடந்தால் லேசான உறைகுளிரே அதை முடித்துவிடும். டிரெய்லர் சக்கர பேரிங்குகளில் புதிய கிரீஸ் ஏற்றுவதும் இதே நேரத்தில்தான்.

வசந்தத்தில் உறையை எடுத்ததும் வடக்குப் பக்க விளிம்பில் பச்சைப் பாசி படிந்திருக்கும், சோப்புநீரே போதும். செடார் கறை பழுப்பாகப் பிடித்திருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கழுவி எடுத்துவிடும், கையுறை அவசியம். இருக்கையில் பூஞ்சணப் புள்ளி தெரிந்தால் வினிகரால் துடையுங்கள். குளோரின் பிளீச் புள்ளியைப் போக்கினாலும் தையல் நூலை நலிவடையச் செய்கிறது.

கித்தான் உறையிலும் முதலில் தளர்ந்தது நூல்தான். துணி இன்னும் புதிதுபோல இருக்க, வெயில் பட்ட முகட்டுத் தையலில் பாலியெஸ்டர் நூல் விரலால் இழுத்தாலே அறுந்தது. கித்தான் தைப்பவரிடம் கொடுத்து, வெயிலுக்கு அசையாத டெஃப்லான் நூலால் முகட்டை மட்டும் மறுபடி தைத்து வாங்கினேன். புதிதாக உறை தைக்கக் கொடுப்பவர்கள் தொடக்கத்திலேயே அந்த நூலைக் கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவில் அதனால் கூடுவது சிறு தொகைதான். ஜிப்பையும் உலோகத்தில் வேண்டாம், பருமனான பிளாஸ்டிக் பல் உள்ளதாகப் போடச் சொல்லுங்கள்.