காது, மூக்கு, தொண்டைத் தொற்று: அமாக்சிசிலினா, 625-ஆ, மூன்று நாள் மாத்திரையா?

தொண்டை வலிக்கு மருந்துக்கடையில் பலரும் கேட்டு வாங்குவது 'மூணு நாள் மாத்திரை' எனப்படும் அசித்ரோமைசின் 500. அமாக்சிசிலின் பழைய மருந்து என்றும், அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த 625 'ஸ்ட்ராங்' என்றும் எண்ணுகிறார்கள். தொண்டை வலிகளில் பெரும்பான்மை வைரஸால் வருவதால், மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் அநேகமாக இம்மூன்றுமே வேண்டியதில்லை.

டான்சிலில் சீழ் வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற கிருமி, பல பத்தாண்டுகளாகியும் பென்சிலின் குடும்பத்துக்கு அடங்கியே இருக்கிறது; அசித்ரோமைசினை எதிர்க்கும் வகைகளோ பல நாடுகளில் பரவிவிட்டன. ஆகவே இங்கே பழைய மருந்தே மேல். அமாக்சிசிலினைப் பத்து நாள் சாப்பிடச் சொல்வது, பின்னால் இதய வால்வுகளைத் தாக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான். அசித்ரோமைசின் சில நாள்களில் முடிவதற்குக் காரணம் வீரியம் அல்ல. அதன் அரையாயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 68 மணி நேரம் என்பதால், மாத்திரை தீர்ந்த பிறகும் மருந்து திசுக்களில் பல நாள் தங்குகிறது. அப்படிக் குறைந்த அளவில் நெடுநாள் தங்குவதே கிருமிகளிடம் மருந்தை எதிர்க்கும் திறன் வளரவும் இடம் கொடுக்கிறது.

குழந்தைகளின் திடீர்க் காதுவலியில்தான் ஒப்பீடு நுட்பமாகிறது. நடுக்காதைத் தாக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமி, மருந்து வந்து ஒட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. அமாக்சிசிலின் அளவை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் வரை உயர்த்தினால் அதைப் பெரும்பாலும் மடக்கிவிடலாம், கிளாவுலனிக் அமிலத்தால் இதில் எந்தப் பயனும் இல்லை. காதைத் தாக்கும் வேறு இரு கிருமிகளான ஹீமோஃபிலஸிலும் மொராக்செல்லாவிலும் பல வகைகள் மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரப்பவை. அந்த நொதியை முடக்கவே கிளாவுலனிக் அமிலம். எனவே கடந்த ஒரு மாதத்துக்குள் அமாக்சிசிலின் எடுத்திருந்தாலோ, கண்ணிலும் பீளை தள்ளினாலோ, இரண்டு மூன்று நாளில் வலி குறையாவிட்டாலோ மட்டுமே இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்துக்குப் போவது முறை. பத்து நாளைத் தாண்டிய சைனஸ் தொற்றிலும் கூட்டு மருந்துக்கு இடமுண்டு.

கூட்டு மருந்தால் வரும் தொல்லை வயிற்றுப்போக்கு. உணவின் தொடக்கத்தில் எடுத்தால் சற்றுக் குறையும். 625-இல் 500 அமாக்சிசிலினும் 125 கிளாவுலனிக் அமிலமும் உள்ளன. அது கிடைக்கவில்லை என்று இரண்டு 375 (250 + 125) விழுங்கினால், அமாக்சிசிலின் அதே 500, அமிலம் மட்டும் இருமடங்கு! குழந்தைகளுக்கான உலர் சிரப்பையும் கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கிய பிறகு குளிர்பெட்டியில் வைத்து, ஏழு நாளுக்கு மேல் மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும்.

அசித்ரோமைசினுக்கு உரிய இடம், பென்சிலின் உண்மையிலேயே ஒவ்வாதவர்கள். அவர்களிலும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் எச்சரிக்கை தேவை. உலக சுகாதார அமைப்பு மற்ற இரண்டையும் முதலில் எடுக்கத்தக்க வகையிலும், இதைக் கவனத்தோடு தர வேண்டிய கண்காணிப்பு வகையிலும் வைத்திருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் காதுக்கு இம்மூன்றில் எதுவும் சரிப்படாது. அங்கே வழக்கமாக இருப்பது சூடோமோனாஸ் என்ற கிருமி. காதைச் சுத்தம் செய்துவிட்டுச் சொட்டும் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்துதான் அதற்கு முதல் தேர்வு.