பழைய காருக்கு எந்த பீடிங்? பஞ்சிகாவத்தைச் சுருளா, பார்சலில் வரும் அச்சா?

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டிய பொருளை, பெயின்ட் காய்ந்த பிறகு தேடி அலைகிறார்கள். பழைய கார் திருத்துபவர்களிடம் நான் அடிக்கடி காணும் வழக்கம் இது. டிங்கர் வேலையும் எஞ்சினும் காசை விழுங்கிவிட்ட நிலையில், கதவுக்கும் கண்ணாடிக்கும் தண்ணீர் புகாமல் சுற்றிப் போடும் இறப்பர் பட்டியான பீடிங் கடைசிச் செலவாக வந்து நிற்கிறது. அகப்பட்டதை ஒட்டிக் காரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழைக்குப் பிறகு கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தளத்தகட்டில் தண்ணீர் நிற்கும்.

அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலக் காருக்குத் தனியான சட்டகம் (சாசி) கிடையாது. தளத்தகடும், கதவுகளுக்குக் கீழே பெட்டி போல ஓடும் பகுதியும் சேர்ந்துதான் காரின் உடலைத் தாங்குகின்றன. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பற்றரியே பின் இருக்கைக்கு அடியில், தளத்தகட்டின் மேல் இருக்கிறது. ஈரம் தேங்கினால் முதலில் ஓட்டை விழும் இடங்கள் இவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது.

கொழும்பில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. அந்தந்த மொடலுக்கென்றே அச்சில் வார்த்த பீடிங்கை இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ தருவிக்கலாம். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மீற்றர் கணக்கில் விற்கும் சுருளை வாங்கலாம். அங்கேயே, பிரித்துப்போட்ட ஜப்பானியக் கார்களிலிருந்து கழற்றியதை எடுக்கலாம். அல்லது பழைய துண்டை மாதிரியாகக் கொடுத்து உள்ளூர் இறப்பர் தொழிற்சாலையில் செய்விக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன் கண்ணாடிக்கு வெளிநாட்டு அச்சு, கதவுக்கும் டிக்கிக்கும் பெரும்பாலும் பஞ்சிகாவத்தை. முழுத் தொகுதியையும் ஒரே இடத்தில் வாங்குபவர் பணத்தை வீணாக்குகிறார், இல்லாவிட்டால் காரை வீணாக்குகிறார்.

நம் நாட்டு இறப்பர் ஏன் வேண்டாம்

நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன் பொருளைப் பற்றிப் பேச வேண்டும். 1876 இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இறப்பர் ஆராய்ச்சிக்கென்று அகலவத்தையில் ஒரு நிறுவனமே இருக்கிறது. ஆகவே, 'நம் நாட்டு இறப்பரைவிட எது நல்லது?' என்று பலர் கேட்பது இயல்பு. இழுபடுவதிலும் கிழியாமல் தாங்குவதிலும் இயற்கை இறப்பருக்கு நிகர் குறைவுதான். ஆனால் கார் கண்ணாடியின் விளிம்பில் அது நிலைக்காது.

காரணம் அதன் உட்கட்டமைப்பில் இருக்கிறது. இயற்கை இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சொற்ப அளவில் கலந்திருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத்தான் அறுக்கிறது, அதுவும் இறப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில். கண்ணாடியின் மூலைகளில் பீடிங் வளைந்து, வெளிப்புறம் இழுபட்டு நிற்கிறது. இழுவைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள் தோன்றும். சில பருவமழைகளில் அவை ஆழமாகி, தண்ணீர் உள்ளே இறங்கும் வாய்க்கால்களாகிவிடும்.

ஈ.பி.டி.எம் என்ற செயற்கை இறப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஓசோனுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. கலவையில் சேரும் கரி, வெயிலின் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிடுகிறது. இது 1960களின் தொடக்கத்தில்தான் சந்தைக்கு வந்தது. எனவே 1956 மைனரில் தொழிற்சாலை பூட்டியது ஈ.பி.டி.எம் ஆக இருக்க முடியாது. எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் வடிவத்தை மட்டும் அசலாக வைத்துக்கொண்டு பொருளை மாற்றுங்கள் என்றுதான் அவர்களிடமும் சொல்வேன். வெயில் படாத எஞ்சின் தாங்கிகளுக்கும் அதிர்வு தாங்கும் குஷன்களுக்கும் இயற்கை இறப்பரே இன்றும் சிறந்தது.

முன் கண்ணாடி: இங்கே சிக்கனம் வேண்டாம்

முன் கண்ணாடி பீடிங் இரண்டு பக்கமும் பள்ளம் உள்ளது. ஒன்று கண்ணாடியைப் பிடிக்கிறது. மற்றது உடலின் தகட்டு விளிம்பைப் பிடிக்கிறது. இரண்டு பள்ளங்களின் அகலமும், இடையில் உள்ள தசையின் தடிப்பும், மூலை வளைவும் ஒன்றாகப் பொருந்தினால்தான் கண்ணாடி அமரும். மீற்றர் சுருளில் வாங்கி வளைத்தால் மூலையில் பீடிங்கின் உதடு, அதாவது தகட்டின்மேல் படிய வேண்டிய ஓரம், தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு பசை வைத்தாலும் அது படியாது.

வெளிநாட்டு அச்சுக்கு விலை அதிகம். கப்பற் கட்டணமும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் மனம் தயங்கும். ஆனாலும் இதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. கேட்டு வாங்கும்போது மொடல் பெயர் மட்டும் போதாது. ஆண்டையும் சொல்ல வேண்டும். மைனருக்கு 1956 வரை நடுவில் பிரிந்த இரட்டைக் கண்ணாடி. அதன் பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. பீட்டிலின் முன் கண்ணாடி 1958 மொடலில் பெரிதாகி, 1965 மொடலில் மறுபடியும் பெரிதானது. பளபளக்கும் உலோகப் பட்டி பதிக்கும் வகைக்கு ஒரு பீடிங், பதிக்காத வகைக்கு வேறொன்று. உங்கள் காரில் கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அதன் தடிப்பையும் அளந்து, விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பீடிங்கைச் சிறிது நேரம் வெயிலில் போட்டால் மெதுவாகும். கொழும்பில் சுடுதண்ணீர் தேவையில்லை. முதலில் கண்ணாடியைச் சுற்றிப் பீடிங்கைப் போட்டு, உடலைப் பிடிக்கும் பள்ளத்துக்குள் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு விட வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைத் தூக்கி வைத்ததும், ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து விழுவது கண்ணுக்குத் தெரியும். மூலையில் முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். அங்கே முஷ்டியால் குத்தினால் கண்ணாடி வெடிக்கும்.

கதவுகள்

கதவில் நிலைமை வேறு. இங்கே தேவைப்படுவது அமுங்கிக்கொடுக்கும் மென்மை. வெளிநாட்டிலிருந்து வரும் மறுதயாரிப்புகள் சில, அசலைவிடக் கடினமாக இருக்கின்றன. அவற்றைப் பூட்டினால் பிணைச்சல் பக்கம் இடிக்கும், பூட்டுப் பக்கம் கதவு வெளியே தள்ளி நிற்கும், ஓங்கி அறைந்தால்தான் மூடும். 'கொஞ்ச நாளில் அமர்ந்துவிடும்' என்ற சமாதானத்தை நம்ப வேண்டாம். பஞ்சு போன்ற நுண்துளை இறப்பர் அமரும். கட்டியான இறப்பர் அமராது, பிணைச்சலைத்தான் தேய்க்கும்.

வாங்குவதற்கு முன் இடைவெளியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக உருட்டிக் கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் ஒட்டுங்கள். களி கதவில் பிடிக்காமலிருக்க ஒரு மெல்லிய பொலித்தீன் தாளை இடையில் விட்டு, கதவை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய ஒவ்வோர் உருண்டையின் தடிப்பையும் அளந்தால், பிணைச்சல் பக்கம் ஒரு கணக்கும் பூட்டுப் பக்கம் வேறொரு கணக்கும் வருவதைக் காணலாம். நுண்துளை பீடிங்கின் குழாய்ப் பகுதி மூடும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். இடைவெளி 8 மில்லிமீற்றர் என்றால் 12 மில்லிமீற்றர் குழாய் பொருத்தம். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பீடிங்கைக் குறை சொல்ல இடமில்லை. கதவைப் பிணைச்சலில் சரிசெய்ய வேண்டும். அதையும் பெயின்டுக்கு முன்பே செய்தாக வேண்டும்.

இந்த அளவுகளோடு பஞ்சிகாவத்தைக்குப் போனால் சுருளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். குழாய்ப் பகுதியும், உள்ளே உலோகக் கம்பியுள்ள பிடிப்பகுதியும் சேர்ந்த வகை, கதவுச் சட்டத்தில் நேரான தகட்டு விளிம்பு உள்ள கார்களுக்குப் பசையே இல்லாமல் மாட்டக்கூடியது. எத்தனை மில்லிமீற்றர் தகட்டைப் பிடிக்கும் என்று கேளுங்கள். பழைய கார்களில் பல தகடுகள் ஒன்றாக ஒட்டிய விளிம்பும் புதுப் பெயின்டும் சேர்ந்து தடிப்புக் கூடியிருக்கும். வெட்டிய முனையில் தெரியும் கம்பிக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் தடவாமல் விட்டால், கடலோரத்தில் அது இறப்பரை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

கழற்றிய ஜப்பானிய பீடிங்கை நான் இந்தச் சுருளுக்கு ஒரு படி மேலே வைப்பேன். கார்த் தொழிற்சாலைக்கென்று செய்த ஈ.பி.டி.எம், மூலைகள் ஒழுங்காக வளைந்தவை, விலையும் கட்டுப்படியாகும். அமுக்கிவிட்டால் உடனே பழைய உருவுக்குத் திரும்புகிறதா, கதவடியில் பட்ட பகுதி தட்டையாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். தட்டையானது இனி எழும்பாது.

பீட்டில்காரர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. பீட்டிலில் பீடிங் உடலின் விளிம்பில் மாட்டப்படுவதில்லை, கதவிலேயே ஒட்டப்படுகிறது. அதற்கென்றே வார்த்ததைத்தான் வாங்க வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் இன்னொன்றும் கிடைக்கும்: எழுபதுகளில் வந்து இன்னும் பிரிக்கப்படாத அசல் பொதி. நான் வழக்கமாகப் போகும் கடையின் முதலாளி நானா ஒருமுறை மேல்தட்டிலிருந்து அப்படி ஒன்றை இறக்கி வைத்தார். "தம்பி, அசல் சாமான். பெட்டி உடைக்கவே இல்லை" என்றார். "நானா, வளைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவரே ஒரு முனையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே மடித்தார். வளைவின் முதுகில் மயிரிழை போன்ற கோடுகள் வரிசையாகத் திறந்தன. ஒன்றும் பேசாமல் அதை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். இறப்பர் பொதிக்குள்ளேயும் முதுமையடையும். பெயருக்காக விலை கொடுக்க வேண்டாம்.

உள்ளூர்த் தொழிற்சாலையில் செய்விப்பதற்கு அச்சுத்தகடு வெட்ட வேண்டும். குறைந்தபட்ச நீளமும் கேட்பார்கள். ஒரு காருக்கென்று போனால் கட்டாது. ஒரே மொடல் வைத்திருக்கும் சிலர் சேர்ந்தால் மிக நல்ல வழி. அப்படிச் சேர முடிந்தால், பொனட்டுக்கும் டிக்கிக்கும் நேராக ஓடும் பீடிங்குகளுக்குப் பஞ்சிகாவத்தைச் சுருளைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். 'ஈ.பி.டி.எம் கலவை' என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் கையிருப்பில் உள்ள இயற்கை இறப்பர் கலவையே வந்து சேரலாம். மாதிரித் துண்டை வளைத்துக் கட்டி மாடியில் வெயிலில் சில வாரங்கள் விட்டு, முதுகில் வெடிப்பு விழுகிறதா என்று பார்த்த பிறகு முழு அளவுக்கு முற்பணம் கொடுங்கள்.

பழைய பீடிங்கையே வைத்துக்கொண்டு, இடுக்குகளில் சிலிக்கன் பூசிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வினாகிரி மணம் வரும் மலிவான சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது; இரும்புத் தகட்டுக்கு அது துரு விதை. சிலிக்கன் பட்ட இடத்தில் பின்னர் பெயின்டும் ஒட்டாது. இதை ஒரு தெரிவாகவே நான் எண்ணுவதில்லை.

கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்துக்கு வெல்வெட் பதித்த பட்டி சுருளிலேயே நல்லது கிடைக்கிறது. அதைப் போடும்போது கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மேலே எந்தப் பட்டி போட்டாலும் கதவுக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வழி வேண்டும்.

பராமரிப்புக்குத் தேங்காயெண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் வேண்டாம். பெற்றோலிய எண்ணெய்களில் ஈ.பி.டி.எம் ஊதிப் பருக்கும். இயற்கை இறப்பர் தேங்காயெண்ணெயையும் தாங்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் போதும். இதே காரணத்தால், பெற்றோல் நிரப்பும் குழாயைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்துக்கு ஈ.பி.டி.எம் உதவாது. அங்கே நைட்ரைல் இறப்பர் வேண்டும். பஞ்சிகாவத்தையில் அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.