மண்டபம் கரை ஆய்வகங்களுக்கு எந்தப் பாதுகாப்புக் கண்ணாடி?

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கேயும் கரையோரக் கல்லூரி லேப்களிலும் நடக்கிற மாதிரியான வேலைகளைப் பாருங்கள். கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளக்க அடர் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். பாட்டில் மூடியை அழுத்தும்போது நிறைந்த திரவம் தளும்பி வழியும். கஞ்சிப்பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்குமுன் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் சூடாக்குவார்கள். மீன் மாதிரிகளைப் பதப்படுத்த ஃபார்மலின். எல்லாமே தெறிக்கிற வேலைதான். அதனால் இங்கே கண்ணாடி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது தெறிப்பைத் தாங்குமா என்பது. அடுத்தது ஆவி படியுமா, முகத்தில் சரியாக உட்காருமா என்பவை. விலை அதற்கெல்லாம் பிறகு.

பக்கத் தடுப்பு வைத்த சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி இலேசாக இருக்கும், காற்றோட்டமும் உண்டு. நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். கண்ணாடிக் குழாய் உடைந்து சில்லு பறந்தால் காப்பாற்றும். ஆனால் நெற்றியில் தெறித்த துளி, புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகக் கண்ணுக்குள் இறங்கிவிடும். அமிலத்தைவிடக் காரம் மோசம். அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். அமிலம், காரம் தொடுகிறவர்களுக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுக்கவே கூடாது என்பேன்.

அவர்களுக்கு, கண்ணைச் சுற்றி முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ்தான். அதிலும் இரண்டு வகை உண்டு. ஓரத்தில் நேரடித் துளை போட்டது தூசுக்குச் சரி, திரவத்துக்கு ஆகாது. காற்றுவழி மடங்கிப் போகும் மறைமுகத் துளை வகையே வேண்டும். ஃபிரேமில் ஐரோப்பியத் தரமான ஈஎன் 166 (EN 166) என்பதோடு 3 என்ற எண்ணோ, அமெரிக்கத் தரமான இசட்87 (Z87) என்பதோடு டி3 (D3) என்ற குறியோ இருந்தால் திரவத் தெறிப்புக்குச் சோதித்தது என்று பொருள்.

சரி, அப்புறம் ஏன் அதை நெற்றியில் தூக்கிவிட்டு வேலை செய்கிறார்கள்? ஆவி. இந்தக் கரையில் பெரிய எதிரி அதுதான். ஏசி அறையில் குளிர்ந்த காகிள்ஸை ஈரக்காற்று அடிக்கும் அறைக்குக் கொண்டுவந்தால் வெளிப்பக்கம் உடனே பூத்துவிடும். உள்ளே வியர்வையும் மூச்சுச் சூடும் படியும். ஆவி தடுக்கும் பூச்சு பெரும்பாலும் உள்பக்கத்துக்குத்தான் இருக்கும். லென்ஸில் N என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பூச்சு உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள். வெளிப்பக்கத்துக்கு ஒரே வழி, காகிள்ஸை ஏசி அறையில் வைக்காமல் வேலை நடக்கும் அறையிலேயே மாட்டி வைப்பது.

அந்தப் பூச்சு நிலைப்பது கழுவும் விதத்தைப் பொறுத்தது. இராமநாதபுரம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் வெள்ளைத் திட்டு படியும். அதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸைக் கீறிவிடும். லேபில் காய்ச்சி வடித்த நீர் இருக்கிறதே, அதில் அலசி நிழலில் உலர விடுங்கள். சானிடைசர் போட்டுத் துடைத்தால் பூச்சு போகும். அசிட்டோன் பட்டால் லென்ஸே விரிசல் விட்டு மங்கும். அசிட்டோன் அதிகம் புழங்கும் இடத்துக்கு அசிடேட் லென்ஸும் வேண்டாம், அதையும் அது கரைக்கும்.

பொருத்தம் என்று வந்தால், ஒரே அளவில் ஒரு டஜன் வாங்குகிற பழக்கம்தான் கெடுக்கிறது. முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகத்தோடு ஒட்டாத கண்ணாடி கடலுக்குள் உதவாது. சின்ன முகத்துக்கு ஹெச் (H) குறி போட்ட காகிள்ஸ் வருகிறது. மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்குக் கன்னத்தின் மேல் சந்து விழும். மென்மையான விளிம்பு உள்ளதைத் தேடுங்கள். போட்டுக்கொண்டு குனிந்து, தலையை ஆட்டி, வாயைத் திறந்து மூடிப் பார்க்கலாம். சந்து தெரிந்தாலோ நழுவினாலோ வேறு அளவு. சாதா ரப்பர் பட்டை வியர்வையிலும் உப்புக்காற்றிலும் சீக்கிரம் தொய்ந்துவிடும். அகலமான துணிப்பட்டையோ சிலிக்கோன் பட்டையோ நல்லது.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேல் பெரிய காகிள்ஸ் மாட்டலாம். செலவு குறைவு; ஆனால் இரண்டு லென்ஸ், இரண்டிலும் ஆவி, காதோரம் வலி. காகிள்ஸுக்குள் செருகும் பவர் லென்ஸ் சட்டம் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. தினமும் மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

முகம் முழுவதையும் மறைக்கும் முகத் தடுப்பு (ஃபேஸ் ஷீல்டு) தனியாகப் போதாது. கீழிருந்து தெறிப்பது உள்ளே வரும். அதைக் காகிள்ஸுக்கு மேல்தான் போட வேண்டும். ஃபார்மலின் ஆவிக்கு மறைமுகத் துளை காகிள்ஸ் உதவாது, ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹுட்) வேலை செய்யுங்கள்.

கொட்டேஷன் கேட்கும்போது வெறுமனே காகிள்ஸ் என்று எழுதினால் குறைந்த விலை நேரடித் துளை வகைதான் வரும். குறியீடுகளையும் அளவுகளையும் எழுதுங்கள். மாதிரிக்கு ஒவ்வொன்று வரவழைத்து, வேலை செய்கிறவரே போட்டுப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.