பந்திக்கு முந்து, மழைக்குப் பிந்து: பெலிப்பரோடு ஒரு நீண்ட குடித்தனம்

போன வாரம் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, போகிமான்ல ரெயின் டீம் கட்டலாம்னு இருக்கேன். நீங்க ரொம்ப நாளா அதைத்தானே ஆடுறீங்க, நல்லா இருக்குமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் லேடரில் (ஆன்லைன் தரவரிசைப் போட்டியில்) அதே ரெயின் டீமோடு, அதாவது மழையை நம்பி ஆடும் டீமோடு, தோற்றுவிட்டு, ஸ்விட்சைத் தலையணைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்திருந்தேன். அவனுக்கு உடனே பதில் போட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்காது. ஒரு வாரம் ஆறப் போட்டுவிட்டு எழுதுகிறேன். இப்போதும் முழுதாக ஆறவில்லை.

ஸ்கார்லெட், வயலட் ஆட்டத்தின் டபுள்ஸ் (பக்கத்துக்கு இரண்டு பேராக ஆடுவது) எப்படி நடக்கும், ஆறில் நான்கைத் தேர்ந்தெடுப்பது, டெரா (ஆட்டத்துக்கு ஒரு முறை ஒரு ஆளின் வகையை மாற்றிக்கொள்வது), இதெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. 2024 செப்டம்பரில் ரெகுலேஷன் எச் என்ற போட்டி விதி வந்தபோது கட்டிய டீம் என்னுடையது. லெஜண்டரி, பாரடாக்ஸ் என்ற பலசாலிப் போகிமான்கள் அந்த விதியில் கிடையாது என்பதால், அதுவரை ஓரமாக நின்ற மழை திடீரென்று நடுவீட்டுக்கு வந்தது. வந்து இறங்கினாலே மழை கொண்டுவரும் பெலிப்பர், ஆர்க்கலூடன், பேஸ்குலீஜியன், இன்சினரோர், அமூங்கஸ், ரில்லபூம். புதுமை ஒன்றுமில்லை. அப்போது லேடரில் கல்லை விட்டெறிந்தால் இப்படி ஒரு டீம் மேல்தான் விழும். விதிகள் மாற மாற நாலு பேரை மாற்றினேன். பெலிப்பரும் ஆர்க்கலூடனும் மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோகும். ஆர்க்கலூடனின் எலக்ட்ரோ ஷாட் சாதாரணமாக இரண்டு டர்ன் எடுக்கும் அடி. முதல் டர்னில் சார்ஜ் ஏற்றி, ஸ்பெஷல் அட்டாக்கை ஒரு படி கூட்டிக்கொண்டு, அடுத்த டர்னில்தான் அடிக்கும். மழையில் காத்திருக்கவே வேண்டாம். கூட்டுவதும் அடிப்பதும் ஒரே டர்னில் முடியும். 130 பவர். அடுத்த டர்ன் இன்னொரு படி, இன்னொரு அடி. நடுவில் எதிராளி அடித்தால் ஸ்டாமினா என்ற ஏபிலிட்டி (பிறவித் திறன்) இருப்பதால் டிஃபென்ஸ் ஏறுகிறது. மேலே ஸ்பெஷல் அடிகளைத் தாங்க உதவும் அசால்ட் வெஸ்ட் வேறு. எதிரே இருப்பவர் மூன்றாவது டர்னில் 45 விநாடியையும் முழுதாக எடுத்துக்கொண்டு யோசிப்பார் பாருங்கள், அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகவே இந்த டீமை ஆடலாம்.

இன்னொரு சந்தோஷம், நான் எதிர்பார்க்காதது. ஸ்வோர்ட், ஷீல்ட் வந்த 2019 முதல், ஸ்பீட் மாறினால் அந்த டர்னிலேயே வரிசையும் மாறிவிடுகிறது. பெலிப்பரை உள்ளே இழுத்ததுமே மழை பிடிக்கும். ஸ்விஃப்ட் ஸ்விம் உள்ள பேஸ்குலீஜியன் அதே டர்னில் இரட்டிப்பு வேகத்தில் முந்திக்கொண்டு அடிக்கும். பழைய ஆட்டங்களில் இதற்கு ஒரு டர்ன் பொறுக்க வேண்டும். முதல்முறை இது நடந்தபோது நானே தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று ரீப்ளேயை ஓடவிட்டுப் பார்த்தேன்.

சரி, நல்லது முடிந்தது.

இரண்டு பேரும் ஆரம்பத்திலேயே வானிலை ஆட்களை இறக்கினால் யாருடைய வானிலை நிற்கும்? வேகமானவனுடைய ஏபிலிட்டி முதலில் வேலை செய்யும். மெதுவானவனுடையது பிறகு வந்து அதை அழித்துவிடும். அதாவது ஆமை ஜெயிக்கும். உவமைக்குச் சொல்லவில்லை, வெயில் கொண்டுவரும் டார்கோல் நிஜமாகவே ஆமைதான். அதன் அடிப்படை ஸ்பீட் 20. பெலிப்பருக்கு 65. நான் மழையைக் கொட்டி முடிக்கும் நேரத்தில் அது நிதானமாகப் புகை விட்டுக்கொண்டு வெயிலைக் கொண்டுவரும். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். படைக்குப் பிந்துவதைச் சாமர்த்தியம் என்று ஒரு வீடியோ கேம் நிரூபிக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

சரி, பெலிப்பரையும் மெதுவாக்குவோம் என்று கிளம்பினேன். ஸ்பீட் ஐவி (பிறக்கும்போதே அமையும் புள்ளி) 0 இருக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கும் நேச்சர் (குணம்) இருக்க வேண்டும். பிக்னிக் போட்டு உட்கார்ந்து முட்டை முட்டையாகப் பொரித்து, ஒவ்வொரு விங்கல் குஞ்சையும் பெட்டியில் வைத்துப் பார்த்து, ஸ்பீட் இடத்தில் 'நோ குட்' (அதாவது 0) என்று வந்ததும் துள்ளிக் குதித்தேன். வாழ்க்கையில் 'நோ குட்' என்று பார்த்து நான் சந்தோஷப்பட்டது அது ஒன்றுக்குத்தான். லெவல் 50இல் அதன் ஸ்பீட் 63. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் 85 இருந்திருக்கும். அந்த 22 புள்ளிக் குறைப்பில் கிடைத்த லாபம் டைரானிட்டார். ஸ்பீடுக்கு ஒன்றும் போடாத சாதாரண டைரானிட்டார் 81இல் நிற்கும், அதன் மணல்காற்றை என் மழை அழித்துவிடும். மெதுவானவர்களை முதலில் அடிக்க வைக்கும் ட்ரிக் ரூமுக்கென்றே வளர்த்த டைரானிட்டார் 59 என்றால் அதற்கும் நான் தோற்றேன். பனி கொண்டுவரும் அலோலா நைன்டேல்ஸ் எப்போதுமே வேகம்தான், அதைப் பற்றிக் கவலையே இல்லை.

டார்கோல்? பெரும்பாலான டார்கோல்கள் ட்ரிக் ரூமுக்காக வளர்க்கப்பட்டவை. அவற்றின் ஸ்பீட் 22. பெலிப்பருக்கு அயர்ன் பால் மாட்டிவிட்டால் வேகம் பாதியாகும் என்று ஒரு ராத்திரி யோசனை வந்தது. 63இல் பாதி 31. காலில் இரும்புக் குண்டைக் கட்டிய பறவைகூட ஒரு ஆமையைவிட மெதுவாகப் போக முடியவில்லை. கணக்குப் போட்ட நோட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். பெலிப்பரின் பெரிய வேலை டெயில்விண்ட் (நம் பக்கத்தின் வேகத்தை இரட்டிக்கும் காற்று) போடுவது. டெயில்விண்டை முந்திப் போட்டால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். மழைக்கு மெதுவாக வா என்கிறோம், காற்றுக்கு வேகமாக வா என்கிறோம். ஒரே பறவை என்னதான் செய்யும்? என் 63 பெலிப்பர் டெயில்விண்ட் போடுவதற்குள் எதிராளிகள் இரண்டு பேரும் அடித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். அதற்கு மின்சாரம் நான்கு மடங்கு பலவீனம் என்பதால், ஒரே அடியில் சாகாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ் இல்லாமல் வெளியே விடவும் முடியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டார்கோல் வரும் என்று தெரிந்தால் பெலிப்பரைப் பின்னால் வைத்துக்கொண்டு, வெயில் வந்த பிறகு உள்ளே விட்டால் போதும். கடைசியாக வந்தவன் வானிலைதான் நிற்கும். என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியாதது வேறு ஒன்று.

மழை ஐந்து டர்ன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலானவர்கள் அடிபட்ட பிறகு கற்றுக்கொள்வது இது: மழை பெய்துகொண்டிருக்கும்போது பெலிப்பரை மறுபடி உள்ளே கொண்டுவந்தால் ஒன்றும் நடக்காது. ஐந்து திரும்ப ஐந்தாகாது. மழை கொண்டுவரும் அதன் ஏபிலிட்டியான ட்ரிஸிலின் பெயர்ப்பலகைகூடத் திரையில் வராது.

போன வாரம் தோற்ற ஆட்டத்தைச் சொல்கிறேன். முதல் டர்னில் எதிராளியின் இன்சினரோர் ஆர்க்கலூடனுக்கு ஃபேக் அவுட், ஒரு டர்ன் போச்சு. இரண்டாவதில் பெலிப்பரை எடுத்துவிட்டு பேஸ்குலீஜியனை விட்டேன். அங்கே இரண்டு பேருமே ப்ரொடெக்ட், அடி எதுவும் படவில்லை. மூன்றாவதில் பார்ட்டிங் ஷாட், நான் சிரமப்பட்டு ஏற்றிய ஸ்பெஷல் அட்டாக் இறங்கியது. நான்காவதில்தான் எலக்ட்ரோ ஷாட் சரியாக விழுந்து ஒருவன் போனான். ஐந்தாவது டர்ன். ஒய் பட்டனை அழுத்தினால் இன்னும் எத்தனை டர்ன் மழை மிச்சம் என்று காட்டும், பார்த்தேன், ஒன்று. இந்த டர்னில் பெலிப்பரை உள்ளே இழுத்துவிட்டால் அடுத்த டர்ன் மழை தொடரும் என்று கை தானாகப் போய்விட்டது. இத்தனை மாதம் ஆடியும் அந்தக் கை திருந்தவில்லை. பெலிப்பர் சிறகை விரித்து வந்து இறங்கியது. டர்ன் முடிந்தது. மழை நின்றது என்று திரையில் ஒரே ஒரு வரி. காய்ந்த தரையில் மழைக்காரன் நிற்கிறான். ஆறாவது டர்னில் எலக்ட்ரோ ஷாட் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. டெராவை வேறு ஆளுக்குச் செலவழித்துவிட்டிருந்தேன். பாதி உயிரில் நின்ற ஆர்க்கலூடனை கார்சாம்பின் ஸ்டாம்பிங் டான்ட்ரம் ஒரே அடியில் படுக்க வைத்தது.

அப்படியானால் சரியான வழி என்ன? ஒன்று, ஆறாவது டர்னில் உள்ளே கொண்டுவந்து ஒரு டர்னை இழக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாவது டர்னில் என் ஆள் ஒருவன் சாக வேண்டும். டர்ன் முடிந்து மழை நின்ற பிறகுதான் அவன் இடத்துக்கு ஆள் இறங்கும். அப்போது பெலிப்பர் இறங்கினால் புது மழை, முழுசாக ஐந்து டர்ன். யூ-டர்ன் போட்டு மாற்றினாலும் பயனில்லை, அது டர்ன் நடுவிலேயே நடந்துவிடும். ஆகவே இந்த டீமை நன்றாக ஆடுவது என்றால், ஐந்தாவது டர்னில் யார் சாக வேண்டும் என்று இரண்டாவது டர்னிலேயே முடிவு செய்வது. பேஸ்குலீஜியனின் ரீகாயில் (அடிக்கும்போது தானும் அடிபடுவது) இதற்கு வசதி என்று நானே கணக்குப் போட ஆரம்பித்தபோது என்மேல் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. டேம்ப் ராக் கொடுத்தால் எட்டு டர்ன் வரும், உண்மைதான். ஆனால் சாஷ் இல்லாத பெலிப்பர் எட்டு டர்ன் மழையைப் போட்டுவிட்டு முதல் டர்னிலேயே செத்துப்போகும். அப்புறம் அந்த மழையை யார் திரும்பக் கொண்டுவருவது?

பழைய ஆட்கள் சிரிப்பார்கள். 2013இல் எக்ஸ், ஒய் வருவதற்கு முன்பு ஏபிலிட்டியால் வந்த மழை நிற்கவே நிற்காது. யாராவது வேறு வானிலை கொண்டுவந்தால்தான் மாறும். அதன் அட்டகாசம் தாங்காமல், ஐந்தாம் தலைமுறையில் ஸ்மோகன் என்ற ரசிகர் தளத்துக்காரர்கள் ட்ரிஸிலும் ஸ்விஃப்ட் ஸ்விம்மும் ஒரே டீமில் இருக்கக் கூடாது என்றே விதி போட்டார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து டர்ன் நியாயம்தான். புதுப்பிக்கக் கூடாது என்பதும், எதிராளி இடத்திலிருந்து யோசித்தால், நியாயம்தான். எழுதும்போது இவ்வளவு நியாயமாக இருக்கிறேன். ஐந்தாவது டர்னில் என்னைப் பார்க்க வேண்டும்.

வெயில் டீம் கட்டலாமா என்று தம்பி அடுத்துக் கேட்பான், தெரியும். டார்கோலும் ஹிசுயி லில்லிகன்ட்டும் சேர்ந்தால் ஜோர்தான். லில்லிகன்ட் வெயிலில் இரட்டிப்பு வேகத்தில் முந்திக்கொண்டு, கூட்டாளியை அடுத்ததாக அடிக்க வைக்கும் ஆஃப்டர் யூ போடும், உடனே ஆமை முழு உயிரோடு 150 பவர் எரப்ஷனைக் கக்கும். ஒரு டர்னில் எதிர்ப்பக்கம் காலி. அது தோற்றாலும் சீக்கிரம் தோற்றுவிடும், படுக்கப் போகலாம். மழை அப்படியில்லை, மழை விட்டும் தூவானம் விடாது. இரவு இரண்டு மணிக்கும் அந்த ஐந்தாவது டர்னில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: கட்டாதே. ஜெயிக்கும் டீம்தான், நான் ஆடியதில் அதிகம் ஜெயித்ததும் இதுதான், ஆனாலும் கட்டாதே. வெயிலைக் கட்டு. ஆர்க்கலூடன் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை டிரேட் செய்துகொள்ளலாம். அந்த 'நோ குட்' பெலிப்பரை மட்டும் கேட்காதே, ராத்திரி லேடருக்கு எனக்கு அது வேண்டும்.